விழ மறந்த தண்ணீர்

ரெட்டேரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய அடுக்குக் குடியிருப்பின் ஐந்தாவது பிளாக்கில், மூன்றாம் மாடியில், வெல்டர் ஏகாம்பரத்தின் வீட்டு மீன் தொட்டியின் கண்ணாடி நொறுங்கி விழுந்த பிறகும் அதில் இருந்த தண்ணீர் விழாமல் நின்றது. பதினோரு நாள் நின்றது. அந்தப் பதினோரு நாளும் பிளாக்கில் ஒருவரும் குரல் உயர்த்திப் பேசவில்லை என்பதையும், குக்கர்கள்கூட விசில் அடிக்காமல் சோறு வடித்தன என்பதையும் அங்கே குடியிருப்பவர்களில் யாரைக் கேட்டாலும் இன்றைக்கும் சொல்வார்கள். கண்ணாடி எப்படி உடைந்தது என்று கேட்டால் மட்டும் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

தொட்டி வந்தது ஏகாம்பரத்தின் பிரஷருக்காக. ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா அவன் கையிலிருந்து பட்டையைக் கழற்றிக்கொண்டே, "வீட்ல ஏதாவது டென்ஷனா சார்?" என்று கேட்டபோது அவன் மனைவியைப் பார்த்தான், மனைவி சுலோச்சனா தரையைப் பார்த்தாள். "ஒரு மீன் தொட்டி வெச்சுப் பாருங்களேன். தெனம் அரை மணி நேரம் மீனப் பாத்துட்டு உக்காந்தா மனசு அமைதியாகும், கோபம் கொறையும்" என்றாள் டாக்டரம்மா. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட சுலோச்சனாவுக்கு மாத்திரையின் பெயர்கள் எதுவும் காதில் ஏறவில்லை. இந்த ஒரு வாக்கியம் மட்டும் ஏறியது. கேஸ் மூடியிருக்கிறதா என்று படுக்கப் போவதற்குள் மூன்று முறை எழுந்து பார்க்கிறவள், பால் பொங்கிவிடுமோ என்று அடுப்பை விட்டு நகராதவள், கதவு தட்டினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவள், அந்த வாக்கியத்தை முந்தானையில் முடிந்து வைத்ததுபோல் வீடு வரைக்கும் கொண்டுவந்தாள்.

கொளத்தூரில் மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் சிராஜ் பாய் தொட்டியும் செய்வார், மீனும் விற்பார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், பதினைந்து இன்ச் உயரம் என்று அவரே அளவு சொன்னார். அதை வைக்க இரும்புத் தாங்கி வேண்டும் என்றதும், ஏகாம்பரம் பட்டறையிலிருந்து ஆங்கிள் கொண்டுவந்து, மொட்டை மாடியில் வெல்டிங் வைத்து, இரண்டு கை பச்சை பெயின்ட் அடித்து, தாங்குகிறதா என்று தானே அதன் மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக் காட்டினான். "உன்னையும் சேத்துத் தாங்கும்டி, ஏறு பாக்கலாம்" என்று சிரித்தான். அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் சுலோச்சனாவுக்கு இன்னமும் நெஞ்சு இளகும். அவனிடம் அப்படியும் சில சாயங்காலங்கள் இருந்தன, அதுதான் கஷ்டம்.

அவளுக்கு மீன் வளர்க்கத் தெரியாது. தெரியாது என்பதுகூடத் தெரியாது. தொட்டி வந்த அன்று பாத்திரம் துலக்குகிற மாதிரியே சோப்புத்தூள் போட்டு, நார் வைத்து, கண்ணாடி கீச்சென்று சத்தம் போடும்வரை தேய்த்துக் கழுவி, குழாயில் வந்த தண்ணீரை அப்படியே ஊற்றி, நாலு கப்பி மீன்களையும் விட்டாள். விளக்கேற்றும் நேரத்துக்குள் நாலும் வயிறு வெளுத்து மேலே மிதந்தன. மீன் சாகும்போது சத்தமே வராது என்பது அவளை உலுக்கிவிட்டது. குரோட்டன்ஸ் தொட்டியில் குழி தோண்டி நாலையும் புதைத்துவிட்டு, கணவன் கேட்டபோது, "மாத்தும்போது கை தவறிடுச்சுங்க" என்றாள்.

சிராஜ் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "சோப்பு போட்டியா? ஐயோ அக்கா, அது விஷம். தண்ணியப் புடிச்சு ஒரு நாள் டிரம்ல சும்மா வையி, மருந்து வாடை போவட்டும். அப்புறம் மீன் இருக்கற கவரை அப்படியே தொட்டில மெதக்க விடு, அரை மணி நேரம். அந்தத் தண்ணியும் இந்தத் தண்ணியும் பழகிக்கணும். நீ புகுந்த வூட்டுக்குப் போனப்ப ஒடனே சிரிச்சியா, இல்ல பயந்துகினு ஒரு மூலைல குந்தினியா? அது மாதிரிதான்."

அடுத்த தடவை அவள் அப்படியே செய்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை வந்ததும் வீட்டையெல்லாம் கழுவிவிட்டவளுக்குத் தொட்டியை மட்டும் விட மனசு வரவில்லை. தண்ணீர் முழுவதையும் இறைத்து, கூழாங்கற்களைப் புளி போட்டுத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைப் பிழிந்து பிழிந்து வெள்ளைவெளேரென்று ஆக்கிவிட்டுத்தான் ஓய்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று செத்தன. "அந்த அழுக்குலதான் அக்கா தொட்டிக்கு உசிரு இருக்கு" என்றார் சிராஜ். "வாரத்துல கால் பங்கு தண்ணிதான் மாத்தணும், அதுக்கு மேல கைய வைக்காத." பிறகு தீனி. அவள் கிட்டே போனாலே மீன்கள் வாயைத் திறந்துகொண்டு ஓடிவந்தன, திறந்த வாயைப் பார்த்துவிட்டு அவளால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை, போட்டாள், இன்னும் போட்டாள், தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி ஆயிற்று. "அதோட கண்ணு எவ்ளோ பெருசோ அவ்ளோதான் அதோட வயிறு" என்று சிராஜ் சொன்ன அன்றைக்கு அவள் தனியாகப் போய் அழுதாள். இப்படிச் சாகவிட்டும் அழுதும் ஆறு வாரத்தில் அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். பின் கண்ணாடியில் மெல்லிசாகப் பச்சைப் பாசி பிடித்தது. இரண்டு தங்க மீன், இரண்டு பாண்டா நிறத்து மீன், ஒரு கறுப்பு மோலி என்று ஐந்து நிலைத்தன. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பக்கெட் நிறைய ஒரு நாள் வைத்த தண்ணீரைக் கதவோரத்தில் எப்போதும் தயாராக வைத்திருந்தாள். தினமும் அதை மாற்றினாள். "எதுக்குடி அது, தீயணைக்கவா?" என்று ஏகாம்பரம் கேலி செய்தான். அவளுக்கே தெரியாது எதற்கென்று.

கை தவறிடுச்சு என்று அவள் சொன்னது மீன் விஷயத்தில் மட்டும் இல்லை. இருபத்தாறு வருஷத்தில் அந்த வீட்டில் இரண்டு முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு சுவர்க் கடிகாரம், மிக்ஸியின் ஜாடி, எண்ணிக்கையில்லாத தட்டு டம்ளர், அவளுடைய இடது கைச் சுண்டுவிரல், இத்தனையும் உடைந்திருக்கின்றன. எல்லாம் கை தவறித்தான். பிளாக்கில் அவளுக்குப் பெயரே கைதவறி. எந்த வீட்டில் பாத்திரம் விழுந்தாலும், "இன்னா, சுலோச்சனா வந்துட்டுப் போனாளா?" என்று கீழ்மாடியில் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். திருவள்ளூரில் கட்டிக்கொடுத்த மகள் புவனா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி கை தவறிடுச்சுன்னு சொன்னேன்னா நான் போனை வெச்சிடுவேம்மா" என்றாள் ஒரு நாள். அம்மாவின் வாய் பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டது. புவனா போனை வைத்துவிட்டாள். அது ஒரு வருஷத்துக்கு முன்னால்.

தொட்டி உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறம். ஏகாம்பரம் பாயில் ஒருக்களித்துப் படுத்து மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து மீனும் வரிசையாக முன்பக்கம் வந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏண்டி, இதுங்க ஏன் என்னையே மொறைக்குதுங்க?"

"பசிக்குது போலங்க."

"இப்பத்தானே போட்ட. ஏன் மொறைக்குதுன்னு கேட்டேன்."

"மீனுக்கு இமை கிடையாதுங்க. அதான் அப்படித் தெரியுது. சிராஜ் பாய் சொன்னாரு."

"ஓஹோ. மீன்காரன் சொல்லி நீ எனக்குப் பாடம் எடுக்கற."

அவன் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. சுலோச்சனா தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். இருபத்தாறு வருஷமாக அவள் நகர்ந்ததில்லை. நகர்ந்தால் கோபம் இரண்டு மடங்காகும் என்று உடம்பு தெரிந்து வைத்திருந்தது. அன்றைக்கு ஏனோ நகர்ந்துவிட்டாள். சொம்பு அவள் காதை உரசிக்கொண்டு போய்க் கண்ணாடியில் பட்டது.

முன் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. அதன் பின்னாலேயே பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டும், கடைசியில் பாசி பிடித்த பின் கண்ணாடியும், ஒன்றைப் பார்த்து ஒன்று என்பதுபோல் விழுந்தன. தண்ணீர் விழவில்லை. அடிக் கண்ணாடியும் கூழாங்கல்லும் கீழே இருக்க, இரண்டடி நீளம், ஓரடி அகலம், பதினைந்து இன்ச் உயரத்துக்கு, மூலைகூட மழுங்காமல், பச்சைத் தாங்கியின் மேல் அது நின்றது. எதிர்பாராமல் கன்னத்தில் அறை வாங்கியவள் அழவும் தோன்றாமல் நிற்பாளே, அப்படி, விழவேண்டும் என்பதையே மறந்துவிட்டு நின்றது. மீன்கள் கண்ணாடி இருந்த இடம் வரைக்கும் வந்து, கண்ணாடி இருப்பதுபோலவே திரும்பிப் போயின.

சுலோச்சனா தரை துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். தரை காய்ந்திருந்தது. துணியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"இன்னாடி இது" என்றான் ஏகாம்பரம். அவனுடைய குரல் அவ்வளவு சன்னமாக வரும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு ரோசி, சுவருக்குச் சுவர் இருபத்தாறு வருஷப் பழக்கம், கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "என்ன சுலோ சத்தம்? கை தவறிடுச்சா?"

"ஆமாக்கா."

ரோசி தண்ணீரைப் பார்த்தாள். கிட்டே போய் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள், விரல் நனைந்தது. "தண்ணி நிக்குதே."

"நிக்குதுக்கா."

"தரை நனையல. அது வரைக்கும் நல்லதுதான்" என்று சொல்லி ரோசி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து கண்ணாடித் துண்டுகளை ஒதுக்கினாள். சுலோச்சனா கையாலேயே பொறுக்கி அரிசிச் சாக்கில் போட்டாள். வலது உள்ளங்கையில் ஒரு துண்டு ஆழமாகக் கிழித்தது. நான் நகர்ந்திருக்கக் கூடாது, நகராமல் இருந்திருந்தால் தொட்டி போயிருக்காது என்று அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. சொன்ன மனசைப் பார்த்து அவளுக்கே திக்கென்றது.

சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்க வந்து பார்த்துவிட்டது. யாரும் அலறவில்லை. முதலாம் மாடி ஆசிரியர் தண்ணீரைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, "நிக்கட்டும், யாருக்கு இடைஞ்சல்" என்றார். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் பெண்கள், எழுபது லிட்டரை இப்படிச் சும்மா நிற்க வைத்திருப்பது நியாயமா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி கற்பூரத் தட்டோடு வந்தாள். புகை மீனுக்கு ஆகாது என்று சுலோச்சனா கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினாள். போனில் படம் எடுத்தவர்களுக்கெல்லாம் படத்தில் நல்ல கண்ணாடித் தொட்டி ஒன்றுதான் விழுந்தது. அதனால் வெளியில் யாரும் நம்பவில்லை, விஷயம் பிளாக்கைத் தாண்டிப் போகவும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் போகும்போது தவறாமல் ஒன்றைக் கேட்டார்கள். "மறுபடியும் கை தவறிடுச்சா?" அவள் பதில் சொல்வதற்குள் அவர்களே, "உனக்கு வேலையே அதுதான்" என்று சொல்லிக்கொண்டு படி இறங்கினார்கள். கண்ணாடி இல்லாமல் தண்ணீர் நிற்பதைவிட, ஒருத்தராவது வேறு ஏதாவது கேட்க மாட்டார்களா என்று தான் காத்திருப்பதுதான் அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது.

சத்தம் கேட்டால் தண்ணீர் நடுங்குகிறது என்று கண்டுபிடித்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வரதராஜுலு. அவர் தும்மினார், தண்ணீரின் நாலு பக்கமும் தோல் சிலிர்ப்பது போலச் சிலிர்த்தது. மறுநாள் காலையிலேயே மாடிப்படிச் சுவரில் அவர் கையெழுத்தில் அறிவிப்பு தொங்கியது: மூன்றாம் மாடியில் தண்ணீர் நிற்கிறது, யாரும் சத்தம் போடக் கூடாது. கீரைக்காரி வாசலில் வந்து நின்று கையை மட்டும் ஆட்டினாள். தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடிப்பதை விட்டான். டிவிகளில் வாய்கள் மட்டும் அசைந்தன. மாமியார் மருமகள் சண்டைகள் சைகையில் நடந்தன, சைகையில் சண்டை போட்டால் பாதியிலேயே சிரிப்பு வந்துவிடுகிறது என்று இரண்டு வீடுகளில் சமாதானமே ஆகிவிட்டது. நாலாம் நாளுக்குள் அவர்களுக்கெல்லாம் இது ரொம்ப நாளைய வழக்கம் போலப் பழகிவிட்டது.

ஏகாம்பரம் தண்ணீருக்குப் பயந்தான். தான் ஒரு வார்த்தை உரக்கச் சொன்னால் அது தன் மேல் விழுந்துவிடும் என்று நினைத்தானோ, அது விழாமல் நின்று தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பயமோ, வீட்டுக்குள் வரும்போதே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். "சுலோச்சனா, கொஞ்சம் மோர் குடு" என்று காதருகே வந்து சொன்னான். உப்பு இல்லாத குழம்பை உப்பு போட்டுக்கொண்டு சாப்பிட்டான். "குடுத்து வெச்சவடி நீ, எப்படி மாறிட்டாரு பாரு" என்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். சுலோச்சனாவும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தாள். இது இப்படியே நிற்கட்டும், கடவுளே, நான் பேசவே மாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மோலி குட்டி போட்டது. கண்ணும் வாலுமாக, கடுகுக்கு உயிர் வந்தாற்போல இருபதுக்கு மேல். சுலோச்சனா பூரித்துப்போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று நேராக நீந்திவந்து, தண்ணீரின் ஓரத்தைத் தாண்டி, வெறும் காற்றில் வந்து, தரையில் விழுந்து துடித்தது. பெரிய மீன்களுக்குக் கண்ணாடி இருந்தது ஞாபகம் இருந்தது, அது இருந்த இடத்தில் திரும்பிக்கொண்டன. குட்டிகளுக்கு எங்கே திரும்புவது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவள் டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டு வந்து தண்ணீரின் முன்னால் உட்கார்ந்தாள். முன்னால் வந்தால் வடிகட்டியில் பிடித்து உள்ளே விட்டாள், பக்கவாட்டில் வந்தால் அங்கே ஓடினாள், பின்னால் போய்ச் சுவருக்கும் தாங்கிக்கும் நடுவில் கையை நுழைத்தாள். சமைக்கப் போகும்போது ரோசி வந்து வடிகட்டியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எப்படிப் பார்த்தும் ஆறு போய்விட்டன. ஒவ்வொன்று விழும்போதும், சின்ன வயசில் கதவுக்குப் பின்னால் நின்று காதைப் பொத்திக்கொண்டிருந்த புவனாவின் கால்விரல்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. கதவுக்கு அடியில் அந்தப் பத்து விரல் மட்டும் தெரியும்.

எட்டாம் நாள் ஏகாம்பரம் மேசையில் காலை இடித்துக்கொண்டான். "ஐயோ" என்று வாய்விட்டுக் கத்தினான். தண்ணீர் அவன் பக்கமாக ஒரு விரல்கடை சாய்ந்தது. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். முகம் கறுத்துவிட்டது.

"அந்தக் கண்ணாடிக்காரனை வரச் சொல்லு" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு, கிசுகிசுப்பாக. "தண்ணியச் சுத்திக் கண்ணாடி போடட்டும். எத்தினி நாளைக்குத்தான் என் வூட்ல நான் திருடன் மாதிரி பேசறது? கண்ணாடி வந்து ஒட்டட்டும், அப்புறம் இருக்குது உனக்கு."

கடைசி வார்த்தைகளை அவன் அன்பாகச் சொல்வதுபோலத்தான் சொன்னான், சத்தம் போட முடியாததால். கண்ணாடி இல்லாவிட்டால் குட்டிகள் விழுந்து சாகும், கண்ணாடி வந்தால் எல்லாம் பழையபடி ஆகும். மூன்று நாள் அவள் வடிகட்டியும் கையுமாக அதையே யோசித்தாள்.

பதினோராம் நாள் காலையில் சிராஜ் பாய் டேப்போடு வந்தார். நிற்கிற தண்ணீருக்குக் கண்ணாடி அளவெடுப்பதைப் பார்க்க முழு பிளாக்கும் வந்துவிட்டது. உள்ளே இடமில்லாதவர்கள் மாடிப்படியில் நின்றார்கள், வரதராஜுலு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சிராஜ் ஆச்சரியப்படவில்லை. தண்ணீரின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு டேப்பை வைத்து, நனைந்த டேப்பைச் சட்டையில் துடைத்து, எண்களைத் தீப்பெட்டி அட்டையில் எழுதினார். பிறகு, "ஒடைஞ்ச துண்டு இருக்கா அக்கா? கனம் பாக்கணும்" என்றார்.

அவள் அரிசிச் சாக்கைக் கொண்டுவந்து வைத்தாள். தொழில்காரர் என்பதால் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை, முன் கண்ணாடியின் துண்டுகளைப் பொறுக்கிப் பேப்பரின் மேல் ஒன்றோடொன்று சேர்த்து அடுக்கினார். கீறல்கள் எல்லாம் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மேல் விளிம்புக்கு இரண்டு விரல்கடை கீழே, நட்சத்திரம் போல. சிராஜ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து தரையிலிருந்து தாங்கியோடு சேர்த்து அந்த உயரத்துக்கு டேப்பை இழுத்தார். டேப்பின் நுனி சுலோச்சனாவின் வாய்க்கு நேரே வந்து நின்றது.

"கை தவறிடுச்சுப்பா" என்றார் வரதராஜுலு தாழ்ந்த குரலில். "அந்தம்மாவுக்கு அடிக்கடி அப்படித்தான்."

"கை தவறினா கீழதான சார் விழும்" என்றார் சிராஜ். "இது எதிர்லேர்ந்து வந்து அடிச்சிருக்கு."

"அளவெடுக்க வந்தியா, பஞ்சாயத்து பண்ண வந்தியா?" என்று ஏகாம்பரம் காற்றாகச் சொன்னான்.

சிராஜ் டேப்பைச் சுருட்டினார். சுலோச்சனாவைப் பார்த்து, ஊரே கேட்க மறந்த ஒன்றை, மீனுக்கு என்ன தீனி போட்டாய் என்று கேட்கிற மாதிரியே கேட்டார். "யாரு அக்கா வீசினது?"

சுலோச்சனா கதவோரத்தில் இருந்த பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து தாங்கியின் பக்கத்தில் வைத்தாள். சின்ன வலையை எடுத்தாள். ஒரு தங்க மீனைப் பிடித்து பக்கெட்டில் விட்டாள். இன்னொன்றை. பாண்டா இரண்டை. வயிறு ஒட்டிப்போன மோலியை. பிறகு டீ வடிகட்டியால் குட்டிகளை ஒவ்வொன்றாக, வாய்க்குள் எண்ணிக்கொண்டே. யாரும் அசையவில்லை. "இன்னாடி பண்ற, இன்னா பண்ற?" என்று ஏகாம்பரத்தின் கிசுகிசுப்பு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கல்லுக்கு அடியில் ஒளிந்திருந்த கடைசிக் குட்டியையும் பிடித்து விட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

"கை தவறல" என்றாள். "அவர்தான் சொம்பை வீசினாரு. என் மேலதான். நான் நகர்ந்துட்டேன்."

சாதாரணக் குரலில்தான் சொன்னாள். பதினோரு நாள் கிசுகிசுப்புக்குப் பிறகு அது பட்டாசு மாதிரி இருந்தது. தண்ணீர் ஒரு முறை சிலிர்த்தது; விழவில்லை. மேல்தளம் இடிந்துவிடும் என்று அவள் நினைத்திருந்தாள், பெண்கள் மார்பில் அடித்துக்கொள்வார்கள், வரதராஜுலு நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார், யாராவது ஐயோ என்பார்கள் என்று இருபத்தாறு வருஷமாக நினைத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வரதராஜுலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். கற்பூரக்காரி தன் கால் மெட்டியைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்த சுலோச்சனாவுக்கு ஒரு முகத்தில்கூட ஆச்சரியம் தெரியவில்லை.

அவள் ரோசியின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

ரோசிதான் வாயைத் திறந்தாள். "நடுவுல ஒரு சுவருதானே சுலோ. தெரியும்."

"எத்தினி நாளா?"

"நீ வந்த வருஷத்துலேர்ந்து."

அப்போதுதான் தண்ணீர் விழுந்தது.

எழுபது லிட்டர் தண்ணீருக்கு அவ்வளவு தூரம் போகப் பலம் கிடையாது, ஆனால் போயிற்று. நின்றிருந்த எல்லோருடைய கணுக்காலையும் நனைத்து, வரதராஜுலுவின் செருப்பை மிதக்க வைத்து, வாசலைத் தாண்டி, ரோசியின் வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றி, படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு வாசற்படியிலும் கொஞ்ச நேரம் நின்று, கோலத்தைக் கரைத்து, கீழே லாரித் தண்ணீருக்கு வரிசையாக வைத்திருந்த குடங்களின் காலடிவரைக்கும் போயிற்று. புடவையைத் தூக்கிப் பிடித்தவர்களும் நனைந்தார்கள்.

ஏகாம்பரம் கூழாங்கற்களுக்கு நடுவில், ஈரத்தில் உட்கார்ந்திருந்தான். இப்போது கத்தலாம், தண்ணீர் இல்லை. வாயைத் திறந்தான். ஆனால் பத்து வீட்டுக் கண்கள் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. "சுலோச்சனா" என்றான், சின்னக் குரலில்.

"தொடைக்கிற துணி பாத்ரூம் கதவுக்குப் பின்னால இருக்கு" என்றாள் அவள்.

சிராஜ் பாய் தன் பையிலிருந்து பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றை எடுத்து பக்கெட்டின் விளிம்பில் மாட்டினார். ரோசி உள்ளே போய் சுலோச்சனாவின் இரண்டு புடவையையும் பர்ஸையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். பிறகு பக்கெட் பிடியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு கீழே வரைக்கும் கூடவே இறங்கினாள். மாடிப்படிச் சுவரில் இருந்த அறிவிப்பு மை கலைந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

திருவள்ளூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கெட்டை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து, கட்டுப் போட்ட வலது கையால் அதன் வாயை மூடிக்கொண்டாள். கண்டக்டர் வந்தார்.

"என்னம்மா பக்கெட்ல? மீனா? கொழம்புக்கா?"

"இல்லப்பா, உசிரோட. மக வீட்டுக்கு."

"சரி சரி, சிந்தாம புடிச்சுக்க. கைல என்ன இவ்ளோ பெரிய கட்டு?"

'கை' என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. அவள் அந்த ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு, ஊர்ப்பேர் சொல்கிற மாதிரி சொன்னாள். "கண்ணாடி பொறுக்கினேன். எங்க வீட்டுக்காரர் என் மேல சொம்ப வீசினாரு, அதுல ஒடைஞ்சது."

டிக்கெட்டைக் கிழிக்கப்போன கை அப்படியே நின்றது. கண்டக்டரின் வாய் பாதி திறந்திருந்தது. "ஐயோ" என்றார். முன் இருக்கையில் இருந்த பெண் சட்டென்று திரும்பிப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

சுலோச்சனா அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். முன்பின் தெரியாத அந்த முகங்கள் இரண்டிலும் இருந்ததை, இதற்கு முன்னால் எங்கும் பார்க்காத ஒன்றைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அதிர்ச்சி அடைய வேண்டிய விஷயம்தான் போலிருக்கிறது. இத்தனை வருஷமும்.

"டிரைவரைக் கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுப்பா" என்றாள். "தண்ணி தளும்புது."